யூ.என். கார்டும் அரசு ஆஸ்பத்திரியும்: தோட்டத்து டவுனுக்குப் புதிதாக வந்த நம் குடும்பங்களுக்கு

எங்கள் ஊர் மலேசியாவின் தெற்குப் பேராக்கில் இருக்கிறது. சுற்றிவரச் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. நடுவில் ஒரு நீளத் தெரு, மாரியம்மன் கோவில், தமிழ்ப் பள்ளி, ஒரு அரசு கிளினிக். ஊரின் பெயரை எழுதவில்லை. இலங்கையிலிருந்து வந்த சில குடும்பங்கள் இங்கே சத்தமில்லாமல் வாழ்கின்றன, அது அப்படியே இருக்கட்டும்.

மகளுக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் எதுவும் கேட்கவில்லை, உடனே கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றத் தொடங்கிவிட்டார். கேட்டது கவுண்டர்தான். எங்கள் யூ.என். அகதி அட்டைகளின் காலம் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. "இது செல்லாது, முழு முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். 1,400 வெள்ளி (ரிங்கிட்). என் சட்டைப் பையில் இருந்தது 430. பக்கத்து வீட்டு அக்கா, இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், கூட்டு (சீட்டு) எடுத்து மகனின் பள்ளிச் செலவுக்கு வைத்திருந்த காசை நள்ளிரவில் கொண்டுவந்து தந்தார். மகள் பிழைத்தாள். அந்தக் கடனை அடைக்க எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

இலங்கையில், நம் ஊரில், அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் கையை வீசிக்கொண்டு போவோம், மருந்தோடு வருவோம். அந்தப் பழக்கத்தில்தான் நானும் இருந்தேன். இங்கே வருத்தம் (நோய்) வருவதற்கு முன்பே தாள்கள் தயாராக இருக்க வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

1. இன்றைக்கே அட்டையின் தேதியைப் பாருங்கள்

நம் கையில் இருப்பது ஐ.நா. அகதிகள் அமைப்பான யூ.என்.எச்.சி.ஆர். தரும் அட்டை. இங்கே எல்லாரும் யூ.என். கார்டு என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் கிளினிக்கிலும் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிவது இந்த அட்டைக்குத்தான். மலேசியர் கட்டணம் நமக்குக் கிடையாது. பலர் இதைத் தவறாக விளங்கிக்கொண்டு போய்க் கவுண்டரில் அதிர்ந்து நிற்கிறார்கள்.

ஒவ்வொருவரின் அட்டையிலும் முடியும் தேதி இருக்கும். குழந்தைகளின் அட்டையையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தேதியை அரிசி வாளியின் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம். தேதி முடிய மூன்று நான்கு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குங்கள். அலுவலகம் கோலாலம்பூரில், புக்கிட் பெட்டாலிங்கில் இருக்கிறது. நேரம் வாங்காமல் பஸ் ஏறிப் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

புதுப்பிக்கும் நாளைத் தொலைபேசியில்தான் சொல்வார்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சிம் கார்டை மாற்றியிருந்தேன், புதிய எண்ணை அவர்களுக்குத் தரவில்லை. அவர்கள் பழைய எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள். எண் மாறினாலும் வீடு மாறினாலும் அன்றைக்கே அறிவியுங்கள்.

இன்னொன்று. பதிவு, அட்டை, புதுப்பித்தல், நேர்காணல் எல்லாமே இலவசம். "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, இரண்டாயிரம் தந்தால் கார்டு எடுத்துத் தருகிறேன்" என்று தோட்டத்துப் பக்கம் சிலர் வருவார்கள். ஒரு சென்னும் தராதீர்கள். அட்டை உண்மையா பொய்யா என்று போனில் இருக்கும் செயலியாலேயே சோதித்துவிட முடியும். பொய் அட்டை காட்டி அகப்பட்டால் உண்மையான பதிவுக்கும் கேடு.

2. பெயரில் ஓர் எழுத்தும் பிசகக் கூடாது

மலேசியத் தமிழர் பெயர்களில், தன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஆணுக்கு ஏ/எல் என்றும் பெண்ணுக்கு ஏ/பி என்றும் எழுதுவார்கள். மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். மகன், மகள் என்று பொருள். நம் அட்டையில் அது இருக்காது. ஆனால் கவுண்டரில் இருப்பவர் நம்மைப் பார்த்ததும் உள்ளூர்த் தமிழர் என்று நினைத்து, கை பழகியபடி அதைச் சேர்த்துத் தட்டச்சு செய்துவிடுவார். சிலர் அப்பாவின் பெயரை முன்னாலும் நம் பெயரைப் பின்னாலும் போட்டுவிடுவார்கள்.

அப்போது ஒன்றும் ஆகாது. அடுத்த மாதம் வேறொரு கவுண்டரில் அட்டையை நீட்டும்போது, "கணினியில் இருப்பவர் வேறு, அட்டையில் இருப்பவர் வேறு" என்பார்கள். பழைய இரத்தப் பரிசோதனை முடிவு கிடைக்காது, பாதிக் கட்டணச் சலுகை நின்றுபோகும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை இந்தச் சிக்கல் நீளும்.

ஆகவே பதிவுச் சீட்டைக் கையில் தந்ததும் அங்கேயே நின்று, அட்டையைப் பக்கத்தில் பிடித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகினாலும் பரவாயில்லை. பிழை இருந்தால் அந்த நிமிடமே திருத்தச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ஒரு மாதம் கழித்துப் போனால் அரை நாள் வேலை.

3. ஒரு ஃபைல், கதவுக்குப் பக்கத்தில்

கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்கி, குடும்பத்தின் எல்லாத் தாள்களையும் அதில் போடுங்கள். உள்ளே இவை இருக்கட்டும்:

எல்லாருடைய அட்டைகளின் இருபக்க நகல், ஆளுக்கு ஐந்து. மூல அட்டை எப்போதும் உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். வழியில் போலீஸ் மறித்தால் நகலைக் காட்டி நிற்க முடியாது.

கடவுச்சீட்டு இருந்தால் அதன் நகல். திருமணச் சான்றிதழ், அதோடு அதன் மொழிபெயர்ப்பு. நம் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் இங்கே அலுவலகங்களில் பெரும்பாலும் வாசிக்க மாட்டார்கள்.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவு. ஊரில் போட்ட ஊசிகளின் கொப்பியைத் தூக்கி எறியாமல் கொண்டுவந்திருந்தால் அது பெரிய சொத்து. இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் உறவினரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிச் சந்திப்பு அட்டை, டாக்டர் எழுதிய கடிதங்கள், பரிசோதனை முடிவுகள், கட்டிய ஒவ்வொரு காசுக்கும் ரசீது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஆங்கில எழுத்தில் எழுதிய ஒரு தாள். மருந்துப் பட்டையைப் படம் எடுத்து வைத்தாலும் போதும்.

எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகி ஃபைலில் பாதி நனைந்தது. படங்கள் இருந்ததால் தப்பினோம்.

4. எதற்கு எங்கே போவது

சாதாரணக் காய்ச்சல், இருமல், பிரஷர் பார்ப்பது, கர்ப்பப் பரிசோதனை, பிள்ளைக்கு ஊசி: இதற்கெல்லாம் அரசு கிளினிக். பலகையில் கிளினிக் கெசிஹாத்தான் என்று எழுதியிருக்கும். காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஏழேகாலுக்குப் போய் இலக்கச் சீட்டு எடுத்தால் பதினொரு மணிக்குள் வெளியே வரலாம். ஒன்பதுக்குப் போனால் மதியம் தாண்டும். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக 12.15 முதல் 2.45 வரை இடைவேளை. வெள்ளி பதினொரு மணிக்குப் பிறகு போவது வீண்.

தோட்டத்துக்குள்ளும் ஒரு சிறிய மருந்தகம் இருக்கும். அங்கே இருக்கும் மருத்துவ உதவியாளரை ஹெச்.ஏ. என்பார்கள், வயதானவர்கள் இன்னும் டிரசர் என்கிறார்கள். அது அந்தத் தோட்டத்தின் பதிவுத் தொழிலாளருக்கானது, நாம் உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் வெட்டுக் காயம், பாம்புக் கடி என்றால் முதலுதவிக்கு ஓடுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஹெச்.ஏ. ஒரு தங்கமான மனிதர். மகளின் கையைப் பிடித்துப் பார்த்து, "இங்கே வைத்திருக்காதீர்கள், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

தனியார் கிளினிக் மாலையிலும் திறந்திருக்கும், தாள் அதிகம் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் காய்ச்சலுக்கு, வேலையை விட்டுவிட்டு அரை நாள் வரிசையில் நிற்பதைவிட அது சில நேரம் மலிவு. விலையை முதலில் கேளுங்கள். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

மூச்சு முட்டல், வலிப்பு, நெஞ்சு வலி, நிற்காத இரத்தம், மயக்கம்: நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. பலகையில் கெச்செமாசான் என்று சிவப்பில் இருக்கும். ஆம்புலன்ஸுக்கு 999. தோட்டத்துப் பாதைகளுக்கு முகவரி கிடையாது. அதனால் எந்தக் கோவில், எந்தப் பாலம், எத்தனையாவது லயன் (வரிசை வீடுகள்) என்று சொல்லப் பழகி வையுங்கள். காசு இல்லையே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். முதலில் உயிர், கவுண்டரோடு பிறகு பேசலாம்.

பெரிய சிக்கல் என்றால் ஈப்போவுக்கோ தெலுக் இந்தானுக்கோ அனுப்புவார்கள். அப்போது டாக்டர் தரும் கடிதத்தை, சூராட் ருஜுக்கான் என்பார்கள், நகல் எடுக்காமல் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

5. எவ்வளவு காசு வைத்திருக்க வேண்டும்

அரசு கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க மலேசியர் கட்டுவது 1 வெள்ளி. வெளிநாட்டவருக்கு 40. யூ.என். கார்டுக்கு 20. நிபுணர் டாக்டர் என்றால் மலேசியருக்கு 5, வெளிநாட்டவருக்கு 120, நமக்கு 60. இது டாக்டரைப் பார்ப்பதற்கு மட்டும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து எல்லாம் தனித்தனியாக ஏறும். கிளினிக்குக்குப் போகும்போது நான் நூறு வெள்ளிக்குக் குறையாமல் எடுத்துப் போவேன்.

வார்டில் படுக்க வேண்டுமென்றால் முன்பணம். மூன்றாம் வகுப்பில் வெளிநாட்டவருக்குச் சாதாரண நோய்க்கு 1,400, அறுவை சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் 2,800. அட்டை செல்லுபடியாக இருந்தால் 700, 1,400. முன்பணம் கட்டியதும் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வீடு திரும்பும் நாளில் முழுக் கணக்கும் போட்டு மீதியைக் கேட்பார்கள். கட்டணம் மாறக்கூடியது, ஆகவே படுக்கைக்குப் போகும் முன்பே கவுண்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாதிக் கட்டணத்தை அவர்களாகவே போடுவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். பதிவு செய்யும்போதே அட்டையை நீட்டி, "காட் யூ.என்., செப்பாரு ஹார்கா" என்று சொல்லுங்கள். செப்பாரு ஹார்கா என்றால் பாதி விலை. பில் வந்ததும் பாருங்கள். முழு விலை போட்டிருந்தால் காசு கட்டும் முன் யூனிட் ஹாசில் என்ற வருமானப் பிரிவுக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள். கட்டிவிட்டுத் திரும்பக் கேட்டால் கிடைப்பது கடினம்.

முழுத் தொகை கையில் இல்லையா? ஓடிப்போகாதீர்கள். பெயர் கணினியில் நிலுவையாக நிற்கும், அடுத்த முறை அதே இடத்துக்குப் போகப் பயமாக இருக்கும். அந்தப் பயத்திலேயே வருத்தம் முற்றிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தவணை முறையில் கட்டலாமா என்று யூனிட் ஹாசிலில் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப்பணிப் பிரிவு ஒன்று உண்டு, அங்கேயும் நிலைமையைச் சொல்லுங்கள். சில இடங்களில் மலேசியர் ஒருவரின் கையெழுத்தைக் கேட்பார்கள். எனக்குக் கையெழுத்துப் போட்டதும் அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான்.

இப்போது நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஆளுக்கு ஐம்பது வெள்ளி போட்டு வைக்கிறோம். யார் வீட்டில் வார்டு என்றாலும் முன்பணத்துக்கு அதிலிருந்து எடுப்பது, பிறகு மெல்ல நிரப்புவது. ஒரு கணக்குக் கொப்பியும் ஒரு பூட்டுப் பெட்டியும்தான் இதற்குத் தேவை.

6. தமிழ் தெரிந்தவரிடமும் பார்த்துப் பேசுங்கள்

கிளினிக்கில் தமிழ் பேசும் தாதி இருப்பார், பழைய ஆட்கள் மிஸ்ஸி என்பார்கள். அதைக் கண்டதும் நமக்கு நிம்மதி வரும். ஆனால் அவர் தமிழும் நம் தமிழும் சில இடங்களில் பிரிகின்றன. என் மனைவி கடும் காய்ச்சலோடு போய் "எனக்கு மூன்று நாளாக வருத்தம்" என்றாள். இங்கே வருத்தம் என்றால் மனக்கவலை மட்டும்தான். அந்தத் தாதி அவள் கையைப் பிடித்து, "என்னம்மா, வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று அன்பாக விசாரித்திருக்கிறார். காய்ச்சல் கணக்கில் வர அரை மணி நேரம் ஆனது. "உடம்பு சரியில்லை, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். நாம் சலரோகம் (நீரிழிவு) என்பதை இங்கே இனிப்பு நீர் என்கிறார்கள். காசை வெள்ளி என்கிறார்கள்.

மலாயில் சில சொற்களையாவது பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பழக்குங்கள். டெமாம் காய்ச்சல். சாக்கிட் வலி, சாக்கிட் பெருட் வயிற்று வலி. முந்தா வாந்தி. டாரா இரத்தம், டாரா திங்கி பிரஷர். கென்சிங் மானிஸ் சலரோகம். மெங்கண்டுங் கர்ப்பம். பெலாரியான் என்றால் அகதி. எத்தனை நாள் என்பதை விரலால் காட்டினாலும் போதும், ஆனால் தவறாமல் சொல்லுங்கள். காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார்.

பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேச எட்டு வயது மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் போனில் ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள்.

7. தோட்டத்துக் காய்ச்சல்கள்

இதைத்தான் மிகவும் கவனமாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டெங்கு. கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். லயன் வீட்டு வாளி, பூச்சாடித் தட்டு, பழைய டயர் போதும். மகளுக்கு மூன்று நாள் கடும் காய்ச்சல். நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. என் மனைவி மாரியம்மனுக்கு விளக்கு வைத்தாள், நான் வேலைக்குப் போய்விட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். மூன்று முறை வாந்தி, உதடு வறண்டு, கையும் காலும் சில்லென்று இருந்தன. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அன்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை கண்ணை எடுக்காதீர்கள். வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், பிள்ளை சோர்ந்து துவண்டு போவது, சிறுநீர் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. ஆஸ்பிரின், புருஃபன் வகை மாத்திரைகள் வேண்டவே வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டும். கடையில் "வலி மாத்திரை" என்று கேட்டு வாங்காதீர்கள், பெயரைப் பாருங்கள். நீர் நிறையக் குடிக்கக் கொடுங்கள். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு அந்த நாளில் தவறாமல் போங்கள். ஒரு முறை பார்த்தால் போதாது.

எலிக் காய்ச்சல். மலாயில் கென்சிங் திக்குஸ். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காலில் இருக்கும் கீறல் வழியாக உடம்புக்குள் போகும். செம்பனைக் காட்டில் எலி ஏராளம். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். முக்கியமாக, டாக்டர் கேட்காவிட்டாலும் "நான் செம்பனைக் காட்டில், ஈரத்தில் நின்றேன்" என்று சொல்லுங்கள். நமக்கு வேலை அனுமதி இல்லை என்பதால் பலர் பயந்து "வீட்டில்தான் இருந்தேன்" என்கிறார்கள். டாக்டர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். காட்டுக்குப் போனேன் என்றாவது சொல்லிவிடுங்கள். முழங்கால் வரை பூட்ஸ் போடாமல் உள்ளே இறங்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, உடம்பு மெலிவது என்றால் காசநோய்ப் பரிசோதனை கேளுங்கள். மருந்து குறைந்தது ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் சுகமானது போலத் தெரியும், அப்போது நிறுத்தினால் நோய் இன்னும் கடினமாகித் திரும்பும்.

8. கர்ப்பமும் பிறப்பும்

கர்ப்பம் என்று தெரிந்ததும் அரசு கிளினிக்கின் தாய் சேய் பிரிவில் பதியுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் போவது நல்லது. ஒரு இளஞ்சிவப்புக் கொப்பி தருவார்கள், பிங்க் புக் என்றால் எல்லாருக்கும் தெரியும். இரத்த வகை, பிரஷர், சீனி, ஸ்கேன் எல்லாம் அதில்தான். அந்தக் கொப்பி இல்லாமல் பிரசவ வலியோடு போய் நின்றால், தாயின் நிலைமை எதுவும் தெரியாமல் டாக்டர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். செலவுக்குப் பயந்து எட்டாம் மாதம் வரை போகாமல் இருப்பவர்கள் உண்டு. இருபது வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் வலிப்பு வரை போன ஒரு தங்கையை எனக்குத் தெரியும். பிரசவ முன்பணத்தை ஐந்தாம் மாதத்திலிருந்தே சேர்க்கத் தொடங்குங்கள்.

பிள்ளை பிறந்ததும் இரண்டு வேலை. ஒன்று, தேசியப் பதிவு இலாகாவில், ஜே.பி.என். என்பார்கள், 60 நாளுக்குள் பதிவு செய்வது. ஆஸ்பத்திரி தரும் பிறப்பு உறுதித் தாள், தாய் தந்தை இருவரின் அட்டைகள், கடவுச்சீட்டு இருந்தால் அது, பிங்க் புக், திருமணச் சான்றிதழ் கொண்டு போங்கள். 60 நாள் தாண்டினால் தாமதப் பதிவு. தாளும் அலைச்சலும் பல மடங்கு. திருமணச் சான்றிதழ் இல்லாவிட்டால் தந்தையின் பெயரைப் போடுவதில் சிக்கல் வரும், அதனால் தாயும் தந்தையும் சேர்ந்தே போங்கள். இந்தச் சான்றிதழால் பிள்ளைக்கு மலேசியக் குடியுரிமை கிடைக்காது. ஆனால் பிள்ளை எங்கே, யாருக்குப் பிறந்தது என்பதற்கு வாழ்நாள் முழுவதும் அதுதான் ஆதாரம். இரண்டாவது, அந்தச் சான்றிதழோடு யூ.என்.எச்.சி.ஆரில் பிள்ளையை உங்கள் கோப்பில் சேர்ப்பது. சேர்க்காத பிள்ளைக்கு அட்டை இல்லை, பாதிக் கட்டணமும் இல்லை.

ஊசிகள்: பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி.யும் கல்லீரல் அழற்சி பி-யும். பிறகு 2, 3, 5 மாதங்களில் ஆறு நோய்க்கான ஒரே ஊசி, 18-ஆம் மாதத்தில் மீண்டும் அதுவே. நிமோனியாவுக்கான ஊசி 4, 6, 15 மாதங்களில். தட்டம்மைக்கு 9, 12 மாதங்களில். மலேசியப் பிள்ளைகளுக்கு இலவசம், நம்மிடம் கட்டணம் கேட்பார்கள். அடுத்த ஊசி எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

9. சலரோகம், பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு

அரசு மருந்தகத்தில் நமக்குச் சில நாளைக்கான மருந்தையே தருவார்கள், மீதியை வெளியே வாங்கச் சொல்வார்கள். சீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் வணிகப் பெயரைச் சொல்லாமல் மெட்ஃபோர்மின், அம்லோடிபின் என்று மருந்தின் உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பல மடங்கு மலிவாகக் கிடைக்கும். காசு இல்லாத மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிக்காதீர்கள். டாக்டரிடம் நேராகச் சொன்னால் மலிவான மருந்துக்கு மாற்றி எழுதுவார்.

10. அட்டை இன்னும் கிடைக்காதவர்களுக்கு

சுகாதார அமைச்சின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று, எண் 10, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் அறிவிக்க வேண்டும் என்கிறது. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். யூ.என்.எச்.சி.ஆர். தந்த சந்திப்புக் கடிதமோ வேறு தாளோ இருந்தால் எப்போதும் கையில் வைத்திருங்கள். அவசரம் இல்லாத நோய்க்கு, அரசு இடத்துக்குப் போகும் முன் அகதிகளுக்கான தொண்டு கிளினிக்கோடு பேசுங்கள். கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆக்ட்ஸ் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ஆருப்பே கிளினிக், சூச்சி பௌத்த அமைப்பின் இலவச கிளினிக் ஆகியவை உண்டு. வடக்கே பட்டர்வொர்த்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு வேலை செய்கிறது. கிழமைகளும் நேரமும் மாறும், முதலில் அழைத்துக் கேளுங்கள். எங்கள் ஊரிலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு தனி. அதனால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே நாளில் போகிறோம்.

உயிர் போகும் அவசரம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமல் போங்கள். கூடவே யூ.என்.எச்.சி.ஆரின் தடுப்புக்காவல் அவசர எண்ணை வெளியே இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

11. நித்திரை வராதவர்களுக்கு

முள்ளிவாய்க்காலைக் கடந்து வந்தவர்கள் நம்மில் பலர். பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போகும் ஒருவர் எங்கள் வீட்டிலும் இருக்கிறார். தீபாவளிக்கு முதல் நாளே அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தின் உட்புறம் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போய்விடுவோம். அதுவும் ஒரு நோய், அதற்கும் மருந்தும் பேச்சும் உண்டு. அரசு கிளினிக் டாக்டரிடம் "நித்திரை இல்லை, பழைய நினைவு வருகிறது" என்று சொன்னால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார். கோலாலம்பூரில் ஹெல்த் இக்விட்டி இனிஷியேட்டிவ்ஸ் என்ற அமைப்பு அகதிகளின் மனநலத்துக்காகவே வேலை செய்கிறது.

இரவில் தாங்க முடியாமல் போனால், மனம்விட்டுப் பேசுவதற்கான பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அரசின் மனநல உதவி எண் 15555. அட்டை எண் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் எப்போது இருப்பார் என்று கேட்டு அந்த நேரத்துக்கு மறுபடி அழையுங்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு எண்களும் அரிசி வாளி மூடியில், அட்டை முடியும் தேதிக்குக் கீழே எழுதியிருக்கின்றன.